டாங்கி காங் கன்ட்ரி: என் கண் போய் நின்ற இடம்

டாங்கி காங் கன்ட்ரி என்ற வீடியோ விளையாட்டை முதல்முறை பார்த்த அனுபவத்தைப் பலரும் சொல்கிறார்கள், என்னுடையதும் இதோ. டிவியோடு இணைத்து ஆடும் சூப்பர் நின்டெண்டோ கன்சோலில் அது ஓடிக்கொண்டிருந்தது. என் கண் போய் நின்றது அதன் நாயகனான குரங்கின் தோளில்தான். மேலே வெளிச்சம் பட்டு இளம்பழுப்பு, கீழே இறங்க இறங்க இருட்டு. அதுவரை கோடு போட்டு வண்ணம் நிரப்பிய உருவங்களோடுதான் ஆடியிருக்கிறேன். இது கைக்குள் பிடித்துப் பார்க்கலாம் போல உருண்டு திரண்டு நின்றது.

அந்த உருவம் அந்தக் கன்சோலுக்குள் உருவானதே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. இங்கிலாந்தின் ரேர் நிறுவனத்தார் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளில் முப்பரிமாண மாதிரிகளைச் செய்து, அசைவு அசைவாக ரெண்டர் செய்து (அதாவது ஒளி நிழலோடு படமாக்கி), படங்களாகச் சுருக்கி, 1994இல் கன்சோலில் செருகும் 4 மெகாபைட் கார்ட்ரிட்ஜில் அடக்கிவிட்டார்கள். அந்தப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுவதுதான் கன்சோலின் வேலை.

இவ்வளவுதானே என்று பல வருடம் கழித்து பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு சின்ன உருவம் செய்து பார்த்தேன். ரெண்டர் அருமையாக வந்தது. 40 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி, அந்தக் கன்சோல் ஒரு ஸ்ப்ரைட்டின் (திரையில் நகரும் சிறு படத்தின்) வண்ணத் தொகுப்புக்குத் தரும் 15 நிறங்களுக்குள் கொண்டுவந்தேன். முகத்தில் சேறு பூசியது போல ஆகிவிட்டது, கண்ணையும் வாயையும் காணோம். மாதிரியின் கண்ணைப் பெரிதாக்கினேன். நிறங்களை நானே பொறுக்கினேன். ஓரங்களை ஒவ்வொரு பிக்சலாகத் திருத்தினேன். ஒரு வாரம் போனது, ஓடும் அசைவில் 8 படம்கூட முடியவில்லை.

அப்புறம் மென்பொருளுக்குள் உருவத்துக்கு வெளிச்சம் தரும் விளக்கு. உருவம் இடப்பக்கம் திரும்ப, அதே படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலப் புரட்டிப் போடுவது வழக்கம். நான் பக்கவாட்டில் விளக்கு வைத்திருந்ததால் திரும்பும்போதெல்லாம் வெயிலும் கூடவே இடம் மாறியது! விளக்கை நேர் மேலே நகர்த்திய பிறகுதான் சரியானது.

அதற்கப்புறம் அந்த விளையாட்டை மறுபடி எடுத்து மெதுவாக ஆடினேன். முதல் கட்டத்தில் ஓட ஓட வானம் அந்தி நிறத்துக்குப் போகிறது. பனிக் கட்டத்தில் லேசாக விழும் பனி போகப் போகக் கண்ணை மறைக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். இப்போதைய திரைகளில் பிக்சல்கள் கட்டம் கட்டமாகத் துருத்திக்கொண்டு தெரியும். புதிதாக ஆடப்போகிறவர்கள் பழைய குழாய் டிவி கிடைத்தால் அதில் பாருங்கள். அதில்தான் நிறங்கள் ஒன்றோடொன்று கரைந்து அந்தத் தோளில் ரோமம் தெரியும்.