மெயில், போன் கணக்குகளில் பாஸ்வேர்ட் மாற்றியும் தொல்லை நிற்கவில்லையா? திருகோணமலை ஆக்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

உப்புவெளி விருந்தகம்:
வைகாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும்தான் எங்களுக்கு உழைப்பு. அந்த நேரம் பார்த்து புக்கிங் மெயில் வருவது குறைந்தது. சரி, இந்த முறை ஆக்கள் வரத்துக் குறைவு என்று இருந்தோம். ஒரு பின்னேரம் பிரான்சில் இருந்து ஒரு தம்பதி பைகளோடு கேற்றடியில் வந்து நிற்கிறார்கள், முழுக் காசும் கட்டியாச்சாம், எங்கள் கொப்பியில் அவர்கள் பெயரே இல்லை. அந்த மனிசன் போனை நீட்டினார். நாங்கள் எழுதுகிற மாதிரியே மெயில், எங்கள் லோகோ, கீழே என் பெயர், ஆனால் பாங்க் கணக்கு யாருடையதோ. அனுப்பிய முகவரியை அவர் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். ஆங்கில 'எல்' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இலக்கம் 1. அவர் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாரே, அந்தப் பார்வைதான் இன்னும் போகவில்லை. களவெடுத்தவன் நான்தான் என்று ஒரு நிமிஷமாவது நினைத்திருப்பார்.

அன்றிரவே பாஸ்வேர்ட் மாற்றி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு போனுக்கு வருகிற இலக்கத்தையும் கேட்பது) போட்டோம். அப்படியும் மெயில் காணாமல் போனது! கடைசியில் மருமகன் கொம்பியூட்டரில் ஜீமெயிலைத் திறந்து செட்டிங்ஸில் ஃபில்டர்ஸ் என்ற பகுதிக்குப் போனான். பேமென்ட், இன்வொய்ஸ் என்ற சொல் உள்ள மெயில் எது வந்தாலும் இன்னொரு முகவரிக்கு அனுப்பு, பிறகு இங்கே அழி என்று ஒருத்தன் எழுதி வைத்திருக்கிறான். அவன் திரும்ப உள்ளே வரவே தேவையில்லை, அந்த விதி தன்பாட்டில் வேலை செய்கிறது. போனில் உள்ள ஜீமெயில் செயலியில் இந்தப் பகுதி காட்டாது, பிரவுசரில்தான் பார்க்க வேண்டும்.

அன்புவழிபுரம் டீச்சர்:
எங்களுக்குக் கள்ளன் தேவைப்படவில்லை, அம்மாவே போதும். 2004 சுனாமியில் வீட்டு ஆல்பம் எல்லாம் போன பிறகு, சொந்தக்காரர் வீடு வீடாகக் கேட்டு, அவர்களிடம் இருந்த எங்கள் படங்களைப் போனால் எடுத்துச் சேர்த்தோம். கனடாவில் இருக்கிற தம்பியின் டப்லெட்டிலும் அம்மாவின் போனில் உள்ள அதே கூகுள் கணக்குத்தான். அம்மாவின் போன் இடம் நிரம்பிவிட்டது என்று கத்த, அவர் கூகுள் ஃபோட்டோஸைத் திறந்து 'எல்லாம் மேலே ஏறியாச்சுத்தானே' என்று ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினார். அங்கே விடியற்காலை. தம்பி எடுத்துக் கத்துகிறான்: "அக்கா, அப்பாட கல்யாணப் படம் இப்ப என் கண் முன்னால போகுது, பிடி பிடி!" நான் குசினியில் இருந்து ஓடிவர, இவன் கத்துகிற சத்தத்தில் அம்மா பதறி இன்னும் நாலைந்தை அழுத்துகிறார்.

கூகுளுக்கு மேலே ஏறின படம் அழிந்தால் 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதில் இருந்து பெரும்பாலானதை மீட்டோம். ஆனால் இடம் வேணும் என்று முதல் தொகுதியை அம்மா தொட்டியில் இருந்தும் அழித்துவிட்டார். அதற்குள் பெரியம்மாவின் சாமத்திய வீட்டுப் படம் இருந்தது. பெரியம்மா இப்போது இல்லை.

கிண்ணியாக்காரன்:
டீச்சர், அந்தச் செயலியிலேயே 'இடத்தைக் காலியாக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கு, அது போனில் உள்ள பிரதியை மட்டும்தான் எடுக்கும். உம்மாமாருக்கு அதைக் காட்டிக் கொடுங்கோ.

விருந்தக அண்ணன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் பற்றிச் சொன்னதால் ஒன்று கேட்கிறேன், வருகிற இலக்கத்தைச் சத்தமாக வாசிக்கிற ஆள் வீட்டில் இருந்தால் என்ன செய்வீர்கள்? எங்கள் வாப்பா வாசல் கதிரையில் இருந்து போனில் கதைக்கிறார். தெரிந்த ஆளின் வாட்ஸ்அப்பில் இருந்துதான் அழைப்பு. "உங்கட நம்பருக்குத் தவறி ஒரு கோட் வந்திட்டுது, சொல்லுங்க." நான் முகத்தில் சவர்க்காரத்தோடு நிற்கிறேன், வாப்பா எட்டூருக்குக் கேட்க "நாலு... ஏழு... ஏழு..." என்கிறார். நான் துவாயோடு ஓடிவந்து போனைப் பிடுங்க, "பொறு மகன், கடைசியையும் சொல்லிட்டன்" என்றார். அவ்வளவு நிம்மதியாகச் சொன்னார். அந்தக் கோடை வைத்து அவன் வாப்பாவின் வாட்ஸ்அப்பைத் தன் போனில் திறந்துவிட்டான், கொஞ்ச நேரத்தில் குடும்பக் குரூப் முழுக்க வாப்பா பெயரில் 'அவசரமா காசு தேவை'. மூதூரில் இருந்து மச்சான் அனுப்பியே விட்டார்.

உடனே அதே நம்பரை வாட்ஸ்அப்பில் திரும்பப் பதிந்தால் புதுக் கோட் நமக்குத்தான் வரும், அவன் வெளியே போவான். ஆனால் அவன் முந்திக்கொண்டு உள்ளே ஒரு பின் நம்பர் (இரகசிய இலக்கம்) போட்டிருந்தான், அதனால் 7 நாள் காத்திருக்க வேண்டி வந்தது. அந்தப் பின்னை நாமே முதலில் போட்டிருந்தால் ஆறு இலக்கம் சொன்னாலும் அவனால் நுழைய முடிந்திராது. அந்த 7 நாளும் வாப்பா வெளியிலேயே போகவில்லை, பள்ளிவாசலுக்கு மட்டும் பின் வழியால் போனார்.

போன் திருத்துகிற தம்பி:
எல்லோரும் கள்ளன் கள்ளன் என்கிறீர்கள், என்னிடம் வருகிறதில் பாதி கள்ளனே இல்லாத கேஸ். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா வந்தார், மெயில் சிங்க் ஆகுதில்லை, புதிதாக ஒன்றும் வந்து சேருதில்லை, வேறொரு கடையில் போனை முழுக்க அழித்துத் திரும்பப் போட்டும் சரிவரவில்லை. பார்த்தால் போனின் திகதி சில வருஷம் பின்னால் நிற்கிறது. திகதி பிழை என்றால் சேர்வரின் (இணையத்தில் மெயிலை வைத்திருக்கிற கொம்பியூட்டரின்) அடையாளச் சான்றிதழ் செல்லாது என்று போன் நினைத்துவிடும், பிறகு ஒன்றோடும் இணையாது. தானியங்கி நேரத்தைப் போட்டதும் மெயில் மழை. ஐயா காசு தர, நான் வேண்டாம் என்றேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது திகதி. அடுத்தது இடம். கூகுள் இலவசமாகத் தருகிற 15 ஜிபி, ஜீமெயிலுக்கும் ட்ரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான். 2021 யூன் 1க்குப் பிறகு ஏற்றுகிற படமெல்லாம் அந்தக் கணக்கில்தான் ஏறும். நிரம்பினால் உங்களுக்கு வருகிற மெயில் அனுப்பினவருக்கே திரும்பிப் போகும், உங்களுக்குச் சத்தமே இருக்காது. கந்தோர் கொம்பியூட்டரில் பழைய மெயில் மென்பொருள் வைத்திருப்பவர்கள், மெயிலை எடுக்கிற இரண்டு முறைகளில் பொப்பில் போட்டிருக்கிறீர்களா ஐமேப்பில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பொப் என்றால் மெயிலை இறக்கிக்கொண்டு சேர்வரில் அழித்துவிடக்கூடும், போனில் பார்த்தால் வெறுமை, பிறகு என்னிடம் வந்து 'ஹாக் பண்ணிட்டாங்கள்' என்பீர்கள். ஐமேப் என்றால் மெயில் சேர்வரிலேயே இருக்கும், அமைக்கும்போது போர்ட் என்ற இடத்தில் 993 போட வேண்டும். 2022 மே 30க்குப் பிறகு ஜீமெயில் வெறும் பாஸ்வேர்டோடு பழைய மென்பொருளை உள்ளே விடாது, அதனால் திரும்பத் திரும்பப் பாஸ்வேர்ட் கேட்டால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிக் களைக்காமல் 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்ட் (அந்த மென்பொருளுக்கென்று கூகுள் தருவது) எடுங்கள், அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டிருக்க வேண்டும். விருந்தகக்காரர் ஃபில்டரோடு நிறுத்திவிட்டார், மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுகிற ஃபோர்வர்டிங் பக்கத்தையும் பார்க்க வேண்டும், கணக்கோடு இணைந்திருக்கிற வெளிச் செயலிகளையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, கூகுள் கொன்டாக்ட்ஸில் நம்பர்கள் அழிந்துபோனால் 30 நாளுக்குள் பழைய நிலைக்குத் திருப்பலாம், அது கன பேருக்குத் தெரியாது...

அன்புவழிபுரம் டீச்சர்:
தம்பி, இது ஏலெவல் ரியூசன் இல்லை. உங்கட கதை ஒரு பந்தி, புத்திமதி பத்துப் பந்தி.

நிலாவெளி ரோட்:
என்னுடையது வெட்கக்கேடான கதை, ஆனால் எனக்கு நடந்ததை விட மற்றவர்களுக்கு நடந்ததுதான் கூட. வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப டவுனில் ஒரு கொமினிகேசனுக்கு (இன்டர்நெட் கடைக்கு) போனேன். அங்கே நிற்கிற பெடியன்தான் என் ஜீமெயிலைத் திறந்தான், திறக்கும்போது வந்த கேள்விக்கு எல்லாம் 'யெஸ்' கொடுத்தான். அதோடு குரோம் பிரவுசரின் சிங்க்கும் (அங்கே தேடுவதும் சேமிக்கிற பாஸ்வேர்டும் என் கணக்குக்கு வருவது) ஓனாகிவிட்டது. நான் ஜீமெயிலில் லொக் அவுட் கேட்க, விண்டோவை மூடிவிட்டு "சரி அண்ணை" என்றான்.

கொஞ்ச நாளில் என் போனில் நான் தேடாத தேடல்கள் வரத் தொடங்கின. கட்டார் விசா. பொருத்தம் பார்ப்பது. கிட்னிக் கல்லுக்குச் சாப்பாடு. 'மனைவி கோபமாக இருந்தால்' என்று ஒருவர் ஆங்கிலத்தில் தேடியிருக்கிறார். அந்தக் கடையில் யார் என்ன தேடினாலும் என் கையில் வந்து விழுகிறது. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது, மனிசிக்கும் காட்டினேன். பிறகு போனில் சேமித்த பாஸ்வேர்ட் பகுதியைத் திறந்தேன், எனக்குத் தெரியாத ஆக்களின் பெயர்கள் வரிசையாக. அதில் ஒன்று பாங்க் லொகின். அதற்குரியவர் எங்கள் ஊர்க்காரர், காலையில் எங்கள் கடையில் பாண் வாங்குகிறவர். அவருடைய பாஸ்வேர்ட் மகளின் பெயரும் பிறந்த வருஷமும்.

அவரிடம் எப்படிச் சொல்வது? 'உங்கட பாங்க் பாஸ்வேர்ட் என் போனில் இருக்கு' என்று ஒரு மனிசனிடம் போய்ச் சொன்னால் அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? கடைசியில் சொன்னேன். ஆள் ஒன்றும் பேசவில்லை, பாணையும் எடுக்கவில்லை, நேரே வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது வேறு கடையில் வாங்குகிறார் போல.

என் கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' என்ற பகுதியில் அந்தக் கடைக் கொம்பியூட்டரைத் தேடி வெளியே போட்டேன், குரோமில் மற்றவர்களின் பாஸ்வேர்டை எல்லாம் அழித்தேன். கொமினிகேசனுக்கும் போய்ச் சொன்னேன். முதலாளி முழுக்கக் கேட்டார். "ஹிஸ்ரியை அழிச்சாச் சரிதானே தம்பி" என்றுவிட்டு, பின்னால் நின்ற பிள்ளையிடம் மெயில் முகவரியைக் கேட்டு ரைப் பண்ணத் தொடங்கினார்.