4கே படம் வந்தா 5.1 இல்ல, 5.1 வந்தா 4கே இல்ல

வணக்கம். இடம் மதுரை. டிவி 55 இன்ச் 4கே, 2018ல வாங்கினது. ஏஆர்சி (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியா ரிசீவருக்கு அனுப்புற வசதி) உண்டு, அதோட புது வடிவமான இஏஆர்சி கிடையாது. ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்குற ஆம்ப்ளிஃபையர் பெட்டி) 2012 மாடல், 5.1 (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), எச்டிஎம்ஐ 1.4. போன மாசம் 4கே ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கினதுல இருந்துதான் தலைவலி.

ஸ்டிக்கை டிவியில சொருகினா படம் 4கே, ஆனா ரிசீவருக்கு வெறும் ஸ்டீரியோதான் போகுது. பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டும் ஊமை. ரிசீவர்ல சொருகினா 5.1 அருமையா வருது, படம் 1080பியோட நின்னுடுது. ரிசீவர்ல எச்டிசிபி 2.2 (4கே படத்துக்கான காப்பி தடுப்பு முறை) இல்ல, அதனால 4கே வராதுன்னு புரியுது. டிவியோட சொந்த ஆப்ல படம் போட்டா ஏஆர்சி வழியாவே 5.1 சரியா வருது, அதனால கேபிள் மேல சந்தேகம் இல்ல.

டிவி ஆடியோவை பிசிஎம்ல (டிவியே சத்தத்தைப் பிரிச்சு அனுப்புறது) இருந்து பிட்ஸ்ட்ரீமுக்கு (பிரிக்காம அப்படியே ரிசீவருக்கு அனுப்புறது) மாத்தினேன், ஸ்டிக்ல டால்பி டிஜிட்டல் வெச்சேன், ஏஆர்சிக்குப் பதிலா ஆப்டிகல் வயர் போட்டேன், சிஇசியை (எச்டிஎம்ஐ வழியா ஒரு கருவி இன்னொண்ணை இயக்குற வசதி) அணைச்சு மறுபடி போட்டேன், சாஃப்ட்வேர் அப்டேட்டும் ஆச்சு. அதே ஸ்டீரியோ. கடைக்காரர் புது ரிசீவர் வாங்கச் சொல்றார். அவர் வேற என்ன சொல்வார்!

ஸ்டிக்குக்கும் டிவிக்கும் நடுவுல எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் (எச்டிஎம்ஐல இருந்து சத்தத்தைத் தனியா எடுத்துத் தர்ற பெட்டி) வெச்சு, அதுல இருந்து ஆப்டிகல்ல ரிசீவருக்குக் கொடுத்து யாராவது பார்த்திருக்கீங்களா, 4கே படத்தோட 5.1ம் சேர்ந்து வந்துச்சா?