குறித்த அளவைத் தாண்டும் சூட்டுக்கு என்ன பெயர்?

உப்புவெளியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். இங்கிலாந்தில் வாழும் நம்மவரின் முதியோருக்காக, வீட்டை வெப்பமாக்கும் கருவிகள் பற்றிய சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கையளிக்க வேண்டும். மின்விசிறி நின்றால் வியர்த்துக் கொட்டும் திருகோணமலையில் இருந்துகொண்டு அறையைச் சூடாக்குவது பற்றி எழுதுவது வேடிக்கைதான். ஆயினும் வேலை நின்றிருப்பது ஒரேயொரு சொல்லில். அறையின் சூட்டைக் குறித்த அளவில் வைத்திருக்கும் வெப்பநிலைநிறுத்தியை (தேர்மோஸ்ரற்) 20 பாகையில் வைத்தால், அறை அங்கே நிற்காமல் 22 வரை ஏறிப் பின்பு மெல்ல இறங்குகிறது. ஆங்கிலத்தில் ‘overshoot’ எனப்படும் இந்த ஏற்றத்தைத் தமிழில் என்னவென்பது? ‘மிகைவெப்பம்’ என்று எழுதினேன். கருவி பழுதாகிக் கொதிப்பதைச் சொல்வதுபோல இருந்ததால் அழித்துவிட்டேன். ‘வெப்ப மீறல்’ பொருந்துமா?

மூதூரிலிருந்து:

தங்கைக்கு, ‘மீறல்’ வேண்டாம். சட்டமீறல், உரிமைமீறல் என்று வழங்கி வழங்கி அச்சொல்லில் குற்றத்தின் வாடை ஏறிவிட்டது. பாவம், அந்தக் கருவி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. உறு, தவ, நனி ஆகிய மூன்றும் மிகுதிப் பொருளன என்று தொல்காப்பியம் உரியியலில் கூறியிருக்க, நாம் ஏன் அலைய வேண்டும்? தவ, ஏற்றம் என்னும் இரண்டும் வகர உடம்படுமெய் பெற்றுத் ‘தவவேற்றம்’ ஆகும். இதனைத் ‘தவம்’ என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வடமொழித் ‘தபஸ்’ வழி வந்தது. அதன் வேருக்கே சுடுதல் என்பதுதான் பொருள் என்பது வேறு கதை.

மட்டக்களப்பிலிருந்து:

மாஸ்ரர் கோபிக்கக்கூடாது. ‘தவவேற்றம்’ என்று படிக்கும் எழுபது வயது அம்மா, முனிவர் யாரோ வான் நோக்கி எழுவதாகத்தான் எண்ணுவார். நான் வகுப்பில் கற்பிப்பவள்; ஒரு சொல்லை விளக்க இன்னொரு சொல் தேவைப்பட்டால் அது கலைச்சொல் அல்ல, விடுகதை. ‘ஓவர்சூட்’ என்றே தமிழெழுத்தில் எழுதிவிடுங்கள். நம் சனங்கள் அதை ‘ஓவர் சூடு’ என்று வாசித்தாலும் பொருள் பிசகாது.

இலண்டனிலிருந்து:

இங்கே வெப்பமாக்கல் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெயருக்கு முன் காரணத்தைப் பாருங்கள். வெப்பநிலைநிறுத்தி 20 இல் கொதிகலனை அணைத்துவிடுகிறது. அது தன் கடமையைச் செய்தாயிற்று. ஆனால் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேற்றர்களின் இரும்பிலும் அவற்றினுள் இருக்கும் நீரிலும் தங்கிய சூடு அதன் பிறகும் அறைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. தரைக்கடியில் குழாய் பதித்த வீடுகளில் சூட்டைத் தாங்குவது கனத்த தரையே என்பதால் இது இன்னும் நீளும். பழைய வெப்பநிலைநிறுத்திகளில், சூடேறும்போது வளைந்து மின்னிணைப்பைத் துண்டிக்கும் ஈருலோகத் தகட்டின் அருகே சிறு மின்தடை ஒன்று இருக்கும். கொதிகலன் இயங்கும்போது அது தகட்டைச் சற்றுக் கூடுதலாகச் சூடாக்கி, அறை 20 ஐ எட்டுமுன்பே அணைக்கச் செய்துவிடும். புதியவை குறித்த அளவை நெருங்கும்போது கொதிகலனைச் சிறுசிறு பொழுதுகளாக ஏற்றி அணைக்கின்றன. நான் வழக்கமாக முதலில் செய்வது, ரேடியேற்றருக்குப் போகும் நீரின் வெப்பநிலையைக் குறைப்பதுதான். குளிர்காற்று வரும் வாசலோரத்தில் கருவியை மாட்டியிருந்தால், எதைத் திருத்தியும் பயனில்லை. அது குளிரையே உணர்ந்து, மற்ற அறைகளை வேகவைக்கும்.

உப்புவெளியிலிருந்து:

இலண்டன் அண்ணாவின் மடல் என் கண்ணைத் திறந்தது. திருக்கடலூரில் வள்ளம் கரையணைவதைப் பார்த்திருப்பீர்கள். கரைக்கு வந்த பிறகு இயந்திரத்தை நிறுத்துபவன் மணலில் மோதுவான். தெரிந்தவன் முன்னதாகவே நிறுத்திவிட்டு, மிஞ்சிய ஓட்டத்தில் வந்து சேருவான். அந்த ‘மிஞ்சிய’ என்பதைத்தான் நான் பற்றிக்கொள்கிறேன். மிஞ்சுதல் என்றால் அளவு கடத்தல். மிஞ்சின சோறு என்றால் எஞ்சிய சோறு. ரேடியேற்றரில் எஞ்சிய சூடுதான் அறையில் அளவு கடக்கிறது என்றால், காரணமும் விளைவும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. மிஞ்சு, ஏற்றம்: ‘மிஞ்சேற்றம்’. வினைத்தொகையாகையால் முக்காலத்துக்கும் பொருந்தும். கொதிகலன் அணையும் ஒவ்வொரு முறையும் நிகழ்வதற்கு அது ஏற்றதே.

மூதூரிலிருந்து:

வினைத்தொகை என்றதும் என் வாயை அடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். மிஞ்சு என்பதைவிட விஞ்சு என்பதே செம்மையானது. மகரமும் வகரமும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதை நான் மறுக்கவில்லை. ‘விஞ்சேற்றம்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

உப்புவெளியிலிருந்து:

குறைவது எஞ்சிய சோறுதான், மாஸ்ரர். விஞ்சுதலில் மேற்படுதல் இருக்கிறது, எஞ்சுதல் இல்லை. இன்று வியாழன் இரவு. கருத்துச் சொன்னவர்களில் ஐவர் ‘மிஞ்சேற்றம்’ என்கிறார்கள். அவர்களுள் இருவர் “எதுவானாலும் சரி, முடித்துவிடுங்கள்” என்று எழுதியவர்கள் என்பதையும் மறைக்கவில்லை. மாஸ்ரரின் மறுப்பு அப்படியே நிற்கிறது. மட்டக்களப்பு அக்காவும் இறங்கி வரவில்லை; அவருக்காகக் கையேட்டின் கடைசிச் சொல்லடைவில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘ஓவர் சூடு – மிஞ்சேற்றம் என்பதைப் பார்க்க.’