புளியங்குடியில் ராத்திரி ஷிஃப்ட் வேலைக்கு எந்த நெட் போடலாம்? மாதம் 700 ரூபாய்க்குள்

மலையடிவாரம்:
சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா அம்மாவுடன் புளியங்குடிக்கே வந்துவிட்டேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்யும் வேலை. சாயங்காலம் ஆறரைக்கு லாகின், விடியற்காலை மூன்றரைக்கு முடியும். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நடுவில் விபிஎன் (கம்பெனி கம்ப்யூட்டரோடு இணைக்கும் பாதுகாப்பான இணைப்பு) போய்விட்டால் அந்த நேரத்துக்குச் சம்பளம் கழியும்.

நான் உட்காரும் அதே நேரத்தில்தான் அப்பா ஹாலில் கிரிக்கெட் போடுவார், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் மாடியில் யூடியூப்பைத் திறப்பான்.

எங்கள் தெருவுக்குக் கிடைப்பது மூன்று. தெருமுனைக் கேபிள் டிவிக்காரர் வழியாக பிஎஸ்என்எல் ஃபைபர். ஒரு பெரிய கம்பெனியின் ஏர்ஃபைபர், அதாவது ஒயர் இல்லாமல் டவர் வழியாக வரும் நெட் (அவர்கள் ஃபைபர் மெயின் ரோட்டோடு நிற்கிறது, உள்ளே வரவில்லை). அப்புறம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் லோக்கல் நெட். 500 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ் தருகிறேன் என்கிறார், ஆனால் ஆறு மாதப் பணத்தை முன்னாலேயே கேட்கிறார்.

மூன்றில் எது ராத்திரி பதினொரு மணிக்கு விழாமல் ஓடும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசி:
ஏசிடி கம்பெனி நெட் போடுங்க. வருஷக் கணக்கா வைத்திருக்கிறேன், ஒரு தொல்லை கிடையாது.

மலையடிவாரம்:
நன்றி அண்ணா. நான் இருப்பது தென்காசி மாவட்டம். ஏசிடி இங்கே வராது.

கம்பிக்காரன்:
தங்கச்சி, நான் சிவகிரிப் பக்கம் கேபிள் டிவி லைன் வைத்திருந்தவன். தடி கோஆக்ஸ் கேபிள் காலத்திலிருந்து ஃபைபர் வரைக்கும் போஸ்ட் ஏறியாயிற்று. இப்போது லைனை மச்சானிடம் கொடுத்துவிட்டு எலுமிச்சை வியாபாரம் பார்க்கிறேன். அதனால் யாருக்கும் ஆள் பிடிக்க இங்கே வரவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

கம்பெனிப் பெயரை முதலில் ஓரமாக வையுங்கள். நம் ஊர்களில் பிஎஸ்என்எல் வீட்டு ஃபைபர் பெரும்பாலும் எங்களைப் போன்ற கேபிள்காரர்கள் கையில்தான் ஓடுகிறது. பில் அவர்கள் பெயரில் வரும், வசூலில் ஒரு பங்கு எங்களுக்கு, தெருவில் தொங்குகிற ஒயரைப் பார்த்துக்கொள்வதும் நாங்கள்தான். அதனால்தான் ஒரே பிஎஸ்என்எல் ஒரு தெருவில் தங்கமாகவும் அடுத்த தெருவில் தகரமாகவும் இருக்கிறது. நீங்கள் விசாரிக்க வேண்டியது அந்த ஆளைப் பற்றி.

போய்க் கேளுங்கள்: ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமா, வாடகையா? பழைய கேபிள் ஒயர் அறுந்தால் முறுக்கி டேப் சுற்றிவிட்டு வந்துவிடுவோம். ஃபைபர் கண்ணாடி இழை. இரண்டு முனையையும் சுத்தமாக வெட்டி, மெஷினில் வைத்து உருக்கித்தான் ஒட்ட முடியும். மெஷின் விலைக்குப் பயந்து சின்ன ஆபரேட்டர்கள் வாங்க மாட்டார்கள். ராஜபாளையத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோ ஒரு பையனைக் கூப்பிடுவார்கள். அந்தப் பையனுக்கு அன்றைக்கு நாலு ஊரில் வேலை இருக்கும். நீங்கள் அஞ்சாவது ஊர்.

அடுத்தது, உங்கள் வீட்டுக்கு வரும் ஒயர் எந்த வழியாக வருகிறது என்று மொட்டை மாடியில் நின்று கண்ணால் பாருங்கள். திருமங்கலம் கொல்லம் ரோட்டைக் குறுக்கே தாண்டி வந்தால் யோசிக்க வேண்டும். கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற லாரி எவ்வளவு உயரம் என்று உங்களுக்கே தெரியும். தாழத் தொங்குகிற ஒயரையெல்லாம் மாலை மாதிரி போட்டுக்கொண்டு போய்விடும், டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. தென்னை மட்டைக்குக் கீழே வந்தாலும் ஆனி ஆடிக் காற்றில் சிரமம்தான்.

கரண்ட் விஷயம். மாதாந்திர ஈபி ஷட்டவுன் பகலில், உங்களுக்கு வேலை ராத்திரி, அது உங்கள் மகன் பாடு. ஆனால் காற்றுக் காலத்தில் ராத்திரியும் போகுமே. மோடத்துக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கி வைத்தால் உங்கள் பக்கம் சரி. நடுவில் லைனைப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். மிச்சம் இருப்பது ஆபரேட்டர் ரூமில் இருக்கிற ஓஎல்டி, அதாவது எல்லா வீட்டு ஃபைபரும் போய்ச் சேருகிற பெட்டி. அதற்கு அவர் நல்ல பேட்டரி போட்டிருக்கிறாரா என்று வாயால் கேட்டால் "இருக்கு"தான் பதில். அடுத்த ஷட்டவுன் அன்று, அவரிடம் லைன் வாங்கியிருக்கும் இன்வெர்ட்டர் உள்ள வீடாகப் பார்த்துப் போய், நெட் ஓடுகிறதா என்று கேளுங்கள். நான் என் தங்கை வீட்டுக்கு இப்படித்தான் ஆள் பார்த்தேன்.

இப்போது அந்த 500 ரூபாய் 100 எம்பிபிஎஸ். ஓஎல்டியின் ஒரு போர்ட்டில் 2.5 ஜிபிபிஎஸ் வரும், அதை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிப்போம். அதில் நெரிசல் அவ்வளவு சீக்கிரம் வராது. நெரிசல் வருவது, அந்த ஆள் மேலே பெரிய கம்பெனியிடமிருந்து எவ்வளவு வாங்கி எத்தனை வீட்டுக்கு ஊற்றுகிறார் என்பதில். பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்பீடு காட்டினால் நம்பாதீர்கள். ராத்திரி ஒன்பதுக்கு, மேட்ச் நடக்கும்போது, அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். ஆறு மாதப் பணம் மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். மாதாமாதம் கட்டுகிறவன் போன் செய்தால்தான் எங்கள் ஆள் சைக்கிளை எடுப்பான்.

ஸ்பீடைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீடியோ மீட்டிங்குக்கு 4 எம்பிபிஎஸ் தாராளம். அப்பாவும் மகனும் சேர்ந்து பார்த்தாலும் 30-இல் எல்லாம் அடங்கும்.

கடையநல்லூர் ஹமீது:
கம்பிக்காரன் அண்ணாச்சி ஏர்ஃபைபரைத் தொடவில்லை, நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருக்கிறது, கம்பெனிப் பெயர் வேண்டாம். மாடியில் ஒரு பெட்டி, அது 5ஜி டவரைப் பார்த்து இருக்க வேண்டும். ஒயர் அறுகிற வேலையே இல்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் சாயங்காலம் எட்டு மணிக்கு மேல் ஊரே அதே டவரில் மொபைலில் உட்கார்ந்திருக்கும், அப்போது இறங்கும். அப்லோடு எப்போதுமே ஃபைபர் அளவுக்கு வராது. போன ஆடியில் காற்றில் பெட்டி கொஞ்சம் திரும்பிவிட்டது. திருப்பி வைக்க ஆள் வரும் வரைக்கும் நாங்கள் கேரம் விளையாடினோம். இன்னொன்று, இதில் முழு ஸ்பீடு பெரும்பாலும் மாதம் 1000 ஜிபி வரைக்கும்தான். ஃபைபரில் 3300 ஜிபி. படம் பார்க்கிற வீட்டுக்கு இது போதும். உங்கள் வேலைக்கு நான் சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
ஒரு சின்னக் கணக்கு. விளம்பரத்தில் போடும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 399 என்றால் கையிலிருந்து போவது 471, 449 என்றால் 530, 499 என்றால் 589, 699 என்றால் 825. அதனால் உங்கள் 700-க்குள் நிற்க வேண்டுமானால் போர்டில் எழுதியிருக்கும் விலை 590-க்குள் இருக்க வேண்டும். லோக்கல்காரர் சொல்லும் 500 ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? ரசீது தருவாரா? கம்பெனியில் இன்டர்நெட் செலவைத் திருப்பித் தருவதாக இருந்தால் உங்கள் பெயரில் பில் வேண்டும்.

மோடம் அவர்களுடையதா, உங்களிடம் விற்கிறார்களா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பிறகு லைனை நிறுத்தும்போது அதை வைத்துத்தான் சண்டை வரும்.

மலையடிவாரம்:
எல்லோருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்ன மாதிரியே போய்ப் பார்த்தேன்.

கேபிள்காரர் கடையில் மெஷின் மேஜை மேலேயே இருந்தது, பக்கத்தில் வெட்டிப்போட்ட ஃபைபர்த் துண்டுகள். அவர் லைன் பின்தெரு வழியாக வருகிறது, மெயின் ரோட்டைத் தாண்டவில்லை. ஷட்டவுன் அன்று அடுத்த தெரு டீச்சர் வீட்டில் கேட்டேன். மதியம் வரை ஓடியதாம், பிறகு நின்றதாம். லோக்கல் நெட்காரரைப் பற்றிச் சுற்றி வளைத்து விசாரித்ததில், பேட்டரியே கிடையாது என்று அவருடைய வாடிக்கையாளரே சிரிக்கிறார்.

பிஎஸ்என்எல் 449 ரூபாய்த் திட்டம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் லைன் போனால் காலையில்தான் வருவேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அதற்கு என்ன செய்வது?

கம்பிக்காரன்:
முகத்துக்கு நேராகச் சொன்னாரே, அவரிடமே வாங்குங்கள். ராத்திரி பத்துக்கு மேல் இருட்டில் ஈபி போஸ்ட்டில் யாரும் ஏறக் கூடாது, வருகிறேன் என்கிறவன் பொய் சொல்கிறான்.

ராத்திரிக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்தான் வழி. அந்த சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். பிஎஸ்என்எல் லைன் மேலே எங்கோ அறுந்தால் அவர்கள் டவரும் சேர்ந்து படுக்க வாய்ப்புண்டு. முதல் நாளே ஹாட்ஸ்பாட்டில் உங்கள் விபிஎன் ஏறுகிறதா என்று சோதித்துவிடுங்கள், அவசரத்தில் பாஸ்வேர்டு தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

லைன் போடும்போது மோடத்துக்கு எவ்வளவு பவர் வருகிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிபிஎம் (ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் அளவு) பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டால் எங்கோ ஒயர் மடிந்திருக்கிறது, இல்லை ஒட்டு சரியில்லை. பணம் வாங்குவதற்கு முன்னால் சரி செய்யச் சொல்லுங்கள். லைன் போனால் அவரைக் கூப்பிடுவதோடு கம்பெனியிலும் புகார் போட்டு எண் வாங்கி வையுங்கள். எண் இருந்தால்தான் பிற்பாடு அவர்களுடைய அப்பீல் அதிகாரி வரைக்கும் போக முடியும்.

வேலை பார்க்கும் கம்ப்யூட்டருக்கு வைஃபை வேண்டாம், மோடத்திலிருந்து லேன் ஒயர் இழுங்கள். நெட் போச்சு என்று என்னைக் கூப்பிட்ட பாதிப் பேர் வீட்டில் வைஃபைதான் எட்டவில்லை.

மலையடிவாரம்:
ஹாலுக்கும் என் அறைக்கும் நடுவில் தாத்தா காலத்துச் சுவர், ஒன்றரை அடி கனம். துளை போட அப்பா விடமாட்டார் அண்ணாச்சி.

கம்பிக்காரன்:
ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, சன்ஷேடுக்கு அடியில் ஓட்டி, உங்கள் அறை ஜன்னலில் உள்ளே விடுங்கள். கடையில் வெளியில் போடுகிற கறுப்பு ஒயர் என்று கேட்டு வாங்குங்கள். உள்ளுக்குப் போடுகிற ஒயர் நம் ஊர் வெயிலில் வெடித்துவிடும். நீளத்துக்கு ரெண்டு மீட்டர் கூடுதலாகவே வெட்டச் சொல்லுங்கள்.