உறைபனில தோட்டம் கருகாம பாத்துக்க வீட்டுல ஆள் வெச்சவங்க அனுபவம் சொல்லுங்க (ஊட்டி, கொடைக்கானல்)

தலைக்குந்தா:
ஊட்டி பக்கத்துல எங்க தலைக்குந்தால நீர்ப்பனி முடிஞ்சு உறைபனி விழ ஆரம்பிச்சாச்சு. தோட்டத்துக்கு ஆள் வைக்கப் போறவங்க ரேட் கேக்கறதுக்கு முன்னாடி காலைல எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேளுங்க, வெயில் படறதுக்கு முன்னாடி வரலைன்னா வந்தே பிரயோஜனம் இல்ல. போன சீசன்ல நாங்க பேசி வெச்ச ஆளுங்க எட்டு மணிக்கு மேல சாவகாசமா வந்தாங்க, அதுக்குள்ள வெயில் ஏறி லான் பூரா கருகிப் போச்சு, ஃபியூஷியால ஒரு இலை தேறல, எவ்வளவு ஆசையா வளர்த்த செடி தெரியுமா.

அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பெரியவரைச் சொன்னாங்க, பார்க்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலமே மண்ணுக்குத் தண்ணி விட்டுருவாரு, ஈர மண்ணு சூட்டைப் புடிச்சு வெச்சுக்குமாம். பாத்தி மேல கோத்தகிரி மிலார்னு சொல்ற செடிக் கொப்புக் கட்டைச் சாய்ச்சு மூடுவாரு, பிளாஸ்டிக் ஷீட் வேணாம், இலையில ஒட்டினா அந்த இடமே கருகும்னு சொல்லிட்டாரு. விடியறப்ப ஹோஸ்ல பூ மாதிரி தண்ணி அடிப்பாரு, இலை ஓரத்துல முள்ளு முள்ளா நிக்கிற ஐஸ் மெதுவா கண்ணாடியாகி சொட்டும், அது வரைக்கும் புல்லுல யாரையும் கால் வைக்க விடமாட்டாரு. வெச்சா பாதம் பட்ட இடம் அப்படியே காஞ்சு தடமா நிக்கும்.

வராண்டா தெர்மாமீட்டர் 3, 4 டிகிரி காட்டுதேன்னு அசந்துடாதீங்க. மேகமும் காத்தும் இல்லாத ராத்திரில தரை சூடு மேல போயிரும், புல்லு மட்டத்துல ஜீரோவுக்குக் கீழ இருக்கும். குளிர் காத்து பள்ளத்துல போய்த் தங்கறதால மேட்டு வீட்டை விட பள்ளத்துல இருக்கற நமக்குத்தான் அடி ஜாஸ்தி.

கொடைக்கானல்:
அண்ணா, நான் டிராவல்ஸ் வண்டி ஓட்டறேன். கண்ணாடில ஐஸ் புடிச்சா கொதிக்கிற தண்ணிய ஊத்தாதீங்க, விரிசல் விட்டுரும். ராத்திரியே சாக்கு போட்டு மூடுங்க, மறந்துட்டா ஹீட்டரைப் போட்டுட்டு பழைய ஏடிஎம் கார்டால சுரண்டுங்க, வைப்பரை மட்டும் போடாதீங்க ரப்பர் கிழிஞ்சிரும்.

குன்னூர்:
என் தங்கச்சி கனடால இருக்கா, அங்க சீசனுக்கு மொத்தமா காசு கட்டிட்டா பனி கொட்டினதும் வண்டி வந்து வாசலைத் தள்ளிட்டு உப்பு தூவிட்டுப் போகுமாம். அதைக் கேட்டுட்டு இங்க யாராவது படிக்கட்டுல உப்பு போடலாமான்னு கேட்டா தயவுசெஞ்சு வேணாம்னு சொல்லுங்க, கரைஞ்சு பாத்தில இறங்கினா வேரே போயிரும், இரும்பு கேட்டும் துரு ஏறும். நம்ம ஊர் ஐஸ் மெல்லிசு, வெயில் வந்தா தானா போயிரும், அது வரைக்கும் படில கோணி விரிச்சா போதும், வயசானவங்க வழுக்கி விழமாட்டாங்க.

தலைக்குந்தா அண்ணா, மிலார் கட்டு எங்க கிடைக்கும்? எங்க வீட்டுல பிகோனியா நிறைய இருக்கு.

தலைக்குந்தா:
பெரியவரே கொண்டு வருவாரும்மா, கட்டுக்குத் தனியா காசு. சீக்கிரம் சொல்லி வைங்க, ஜனவரில கூப்பிட்டா அவருக்கு நேரமே இருக்காது.