வந்து 6 மாசம் தாண்டினது தெரியாம போச்சு, பார்ட்னர் இப்ப கனடால ஸ்டேட்டஸ் (தங்கறதுக்கான அனுமதி) இல்லாம இருக்காங்க, என்ன பண்றது?

தூக்கமில்லா_ராத்திரி

எல்லாருக்கும் வணக்கம், பதட்டத்துல டைப் பண்றேன், முன்னுக்குப் பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. நான் 2021-ல எக்ஸ்பிரஸ் என்ட்ரில பி.ஆர். (நிரந்தரமா தங்கற உரிமை) வாங்கி ஒன்டாரியோல இருக்கேன். எனக்கு நிச்சயம் பண்ண பொண்ணு இந்தியன் பாஸ்போர்ட், விசிட்டர் விசால இந்த வருஷம் பிப்ரவரி 20 வந்தாங்க, என் கூடதான் இருக்காங்க. விசா ஸ்டிக்கர்ல 2032 வரைக்கும்னு போட்டிருக்கு, ஏர்போர்ட்ல சீல் குத்தி விட்டாங்க, தேதி எதுவும் எழுதல. சரி 2032 வரைக்கும் கவலை இல்லனு நாங்களா நினைச்சுக்கிட்டோம்.

போன வாரம் வீட்டுக்கு சாப்பிட வந்த ஃப்ரெண்டு பேச்சுவாக்குல "எக்ஸ்டென்ஷன் போட்டாச்சா"னு கேட்டான். என்ன எக்ஸ்டென்ஷன்னு கேட்டேன். அவன் கையில எடுத்த சோறை அப்படியே தட்டுல வச்சுட்டான். அப்பதான் தெரிஞ்சுது அவங்க தங்கறதுக்கான அனுமதி ஆகஸ்ட் 20-ஓட முடிஞ்சிருச்சுன்னு, இன்னைக்கு அக்டோபர் 3.

அவங்க ஒரே அழுகை, உடனே டிக்கெட் போட்டு ஊருக்குப் போறேங்கறாங்க. போனா திரும்ப வர முடியுமா? இங்கயே கல்யாணம் பண்ணி ஸ்பான்சர் பண்ணலாமா, ஸ்டேட்டஸ் இல்லாதவங்களுக்கு அது செல்லுமா? வேலைக்கு ஏதும் பர்மிட் கிடைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மா_வந்தவன்

ப்ரோ இதுக்கா இவ்ளோ டென்ஷன், காரை எடுத்துட்டு அமெரிக்கா பார்டர் வரைக்கும் போய் யூ-டர்ன் போட்டு வாங்க, புதுசா 6 மாசம் கிடைச்சிரும். என் ரூம்மேட் வொர்க் பர்மிட்டே அப்படித்தான் வாங்கினான்.

பழைய_ஸ்காபரோ

தம்பி மேல சொன்னதை தயவுசெய்து செய்யாதேங்கோ!! அந்த ரூம்மேட் காலம் முடிஞ்சுது, 2024 டிசம்பர் 23-ல இருந்து அப்பிடி பார்டரில சுத்திப்போட்டு வாறவைக்கு வொர்க் பர்மிட், ஸ்டடி பர்மிட் குடுக்கிறதையே நிப்பாட்டிப்போட்டாங்கள். உங்கட ஆளுக்கு அதைவிட மோசம். ஸ்டேட்டஸ் இல்லாமல் ஒரு ஒபிசருக்கு முன்னால தானாப் போய் நிண்டால் அவர் எக்ஸ்க்ளூஷன் ஓர்டர் எழுதலாம், அதோட ஒரு வருசத்துக்கு தனி அனுமதி இல்லாமல் கனடாக்குள்ள கால் வைக்கேலாது.

முதல்ல அந்தப் பிள்ளையை அழவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நானும் உங்கட நிலையில நிண்டனான், எங்கட வீட்டில ஸ்டேட்டஸ் போனது அவருக்கு, ஸ்பொன்சர் நான். அப்ப எங்களுக்கு ஒரு கன்சல்டன்ட் (பேர் வேண்டாம்) என்ன சொன்னவர் தெரியுமோ, போர்மில "எப்பவாவது ஸ்டேட்டஸ் இல்லாமல் இருந்தீங்களா" எண்ட கேள்விக்கு இல்லை எண்டு போடுங்கோ, ஒருத்தரும் பார்க்கமாட்டினம் எண்டு. காசையும் வாங்கிப்போட்டு. நல்லகாலம் என்ர தமக்கை ஏசிப்போட்டு வேற லோயரிட்டை கூட்டிக்கொண்டு போனவ. ஸ்டேட்டஸ் போனதுக்கு மன்னிப்பு இருக்கு, பொய்க்கு இல்லை. மிஸ்ரெப்ரசென்டேஷன் எண்டு எழுதினால் 5 வருசம் உள்ள வரேலாது.

ஃபைல்_நம்பர்_வரல

அக்கா சொன்னது கரெக்ட். மிச்சத்தை நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல விசா வேற, ஸ்டேட்டஸ் வேற. விசாங்கறது கதவைத் தட்டறதுக்கான அனுமதி, அது 2032 வரைக்கும் இருக்கலாம். உள்ள எத்தனை நாள் இருக்கலாம்ங்கறது தனிக்கணக்கு, ஆபிசர் தேதி எழுதலனா வந்த நாள்ல இருந்து 6 மாசம், அவ்வளவுதான். இந்த குழப்பத்துல மாட்டினவங்கள்ல நீங்க முதல் ஆளும் இல்ல கடைசி ஆளும் இல்ல. ஆகஸ்ட் 20-க்கு முன்னாடி எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தா பதில் வர்ற வரைக்கும் "மெயின்டெய்ன்டு ஸ்டேட்டஸ்"னு சும்மா ஓடியிருக்கும், அது போச்சு, விடுங்க.

இப்ப உங்க கையில இருக்கறது ரெஸ்டோரேஷன், அதாவது போன ஸ்டேட்டஸை திரும்பக் குடுங்கன்னு கேக்கறது. ஸ்டேட்டஸ் போன நாள்ல இருந்து 90 நாளுக்குள்ள போடணும். ஆகஸ்ட் 20 + 90 = நவம்பர் 18. இன்னும் 46 நாள் இருக்கு, ஆனா 18-ம் தேதி ராத்திரி 11 மணிக்கு வெப்சைட்டோட மல்லுக்கட்டாதீங்க, இந்த வாரமே போடுங்க. எக்ஸ்டென்ஷனுக்கு போடுற அதே 5708 ஃபார்ம்தான், ரெஸ்டோரேஷன் ஃபீஸ் 200 டாலருக்கு மேல வரும், சைட்ல பார்த்து கட்டுங்க. கூட ஒரு லெட்டர் வைங்க, ஏன் தவறிப்போச்சுன்னு நடந்ததை நடந்தபடி, விசா தேதியை ஸ்டேட்டஸ் தேதின்னு நினைச்சோம்னு எழுதுங்க. செலவுக்கு பணம் இருக்குன்னு பேங்க் ஸ்டேட்மென்ட் வைங்க. கல்யாணம் பண்ணி ஸ்பான்சர் பண்ணப்போறோம்ங்கறதை மறைக்க வேணாம், நிரந்தரமா தங்க ஆசை இருக்கறவங்க தற்காலிகமாவும் இருக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு, டூயல் இன்டென்ட்னு சொல்வாங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, போட்ட உடனே ஸ்டேட்டஸ் திரும்பி வராது. முடிவு வர்ற வரைக்கும் இங்க இருக்கலாம், வேலை மட்டும் செய்யவே கூடாது, கேஷ் வேலை கூட.

அடுத்து ஸ்பான்சர்ஷிப். இன்லேண்டுக்கு (ரெண்டு பேரும் கனடால ஒண்ணா இருந்துக்கிட்டு போடுற வகை) ஸ்டேட்டஸ் இருக்கணும்னுதான் ரூல், ஆனா 2005-ல இருந்து ஒரு பப்ளிக் பாலிசி இருக்கு, தேதி தாண்டி தங்கினதை கணவன் மனைவி கேஸ்ல மன்னிச்சு எடுத்துக்குவாங்க. டிபோர்ட் ஆகி அனுமதி இல்லாம திரும்பி வந்தவங்க, கிரிமினல் கேஸ் உள்ளவங்க, இவங்களுக்கெல்லாம் அது உதவாது, உங்களுக்கு அந்தப் பிரச்சினை எதுவும் இல்ல. ஆக ரெஸ்டோரேஷன் நிராகரிச்சாலும் ஸ்பான்சர்ஷிப் அதோட சாகாது. அப்புறம் எதுக்கு ரெஸ்டோரேஷன்னு கேக்கலாம். வொர்க் பர்மிட்டுக்குத்தான். ஸ்டேட்டஸ் இருக்கறவங்களும், 90 நாளுக்குள்ள ரெஸ்டோரேஷன் போட்டவங்களும் ஸ்பான்சர்ஷிப் ரசீது லெட்டர் வந்த உடனே ஓபன் வொர்க் பர்மிட் (எந்த முதலாளிகிட்டயும் வேலை செய்யற அனுமதி) கேக்கலாம். ரெண்டும் இல்லாதவங்க முதல்கட்ட அப்ரூவல் வர்ற வரைக்கும் வீட்லயே காத்திருக்கணும், அது எவ்ளோ நாள்னு நினைச்சா எனக்கே வயித்தைக் கலக்குது.

கண்ணாடி_மாமா

இன்லேண்டேதான் போடணும்னு இல்லையே. அவுட்லேண்டும் (வெளிநாட்டுல இருக்கற துணைக்கான வகை) இங்க இருந்துக்கிட்டே போடலாம். அதுல ஒரு பெரிய சௌகரியம், நிராகரிச்சா ஸ்பான்சர் ஐ.ஏ.டி.-ல (இமிக்ரேஷன் அப்பீல் பிரிவு) அப்பீல் போகலாம். இன்லேண்ட்ல அப்பீல் கிடையாது, ஃபெடரல் கோர்ட்டுதான், அதுவும் 15 நாளுக்குள்ள.

ஃபைல்_நம்பர்_வரல

மாமா அது உண்மைதான், ஆனா அவுட்லேண்ட் ஃபைல்ல இன்டர்வியூன்னு வெளிநாட்டு ஆபிஸுக்கு கூப்பிட்டா இவங்க போகணும், போனா திரும்பி உள்ள வர்றதுக்கு கேரன்டி இல்ல. விமானத்துல வெளிய போற தேதியும் இப்ப கவர்மென்ட்டுக்கு போயிடுது, எத்தனை நாள் ஓவர்ஸ்டேன்னு பார்டர் ஆபிசர் ஸ்க்ரீன்லயே பார்த்துக்குவார். ஸ்டேட்டஸ் நல்லா இருக்கறவங்களுக்கு அவுட்லேண்ட் ஓகே, இவங்க கேஸ்ல நான் இன்லேண்டுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

கண்ணாடி_மாமா

அவங்க ஊருக்குப் போகவே கூடாதுன்னு நான் ஒத்துக்க மாட்டேன்பா. அந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மாவைப் பார்க்காம ஒரு வருஷத்துக்கு மேல ஆகலாம். அதை அவங்களே முடிவு பண்ணட்டும்.

தூக்கமில்லா_ராத்திரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, உங்க பதிலை எல்லாம் அவங்களுக்கு படிச்சு காமிச்சேன், கண்ணாடி மாமா சொன்னதுதான் அவங்களுக்கு சுருக்குன்னு பட்டிருக்கு, அவங்க அம்மாவுக்கு ஜனவரில கண் ஆபரேஷன். இதை நான் யோசிக்கவே இல்ல. நேத்து ராத்திரி பூரா பேசினோம், இருந்துடறேன்னு அவங்களேதான் சொன்னாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். 7 மாசமா ஒண்ணா இருக்கோம், காமன் லா-னு (கல்யாணம் பண்ணாம சேர்ந்து வாழற ஜோடின்னு) போட முடியுமா? இல்லனா கோயில்ல தாலி கட்டிட்டு ஃபோட்டோ வச்சா போதுமா? கல்யாணப் பதிவுக்குப் போனா ஸ்டேட்டஸ் கேப்பாங்களோன்னு பயமா இருக்கு.

பழைய_ஸ்காபரோ

காமன் லோ எண்டால் 12 மாசம் விடாமல் ஒண்டா இருந்திருக்கவேணும், 7 மாசம் காணாது. கொன்ஜுகல் பார்ட்னர் எண்டு ஆரும் சொன்னால் அதையும் கேளாதேங்கோ, அது கனடாக்கு வெளியில இருக்கிற, ஒண்டா இருக்கவே வழியில்லாத சோடியளுக்கு.

தாலி கட்டுறது கட்டுங்கோ, ஆனால் அதுக்கு முதல் சிற்றி ஹோலில மேரேஜ் லைசன்ஸ் எடுக்கவேணும், அது 3 மாசத்துக்குத்தான் செல்லும். கட்டிவைக்கிற ஐயர் ஒன்டாரியோவில பதிஞ்சவரோ எண்டு முதலே கேளுங்கோ, பதியாதவர் கட்டிவைச்சால் கடவுளுக்கு மட்டும்தான் தெரியும், இமிக்ரேஷனுக்குத் தெரியாது 😄 லைசன்ஸ் எடுக்க அடையாள அட்டை காட்டவேணும், பாஸ்போர்ட் காணும், ஸ்டேட்டஸ் தேவையில்லை. ஆனால் கலியாணம் முடிஞ்ச உடனே ஸ்டேட்டஸ் வந்திட்டுது எண்டு நினைச்சிடாதேங்கோ, ஸ்பொன்சர் ஃபைல் தனி.

ப்ரூப் இப்பவே சேருங்கோ. லீஸில அவவின்ர பேரையும் போடுவியுங்கோ, சோடியா பாங்க் அக்கவுண்ட், ரெண்டு பேருக்கும் அதே விலாசத்துக்கு வந்த கடிதங்கள், ரெண்டு குடும்பமும் நிக்கிற படங்கள். செல்ஃபி மட்டும் 200 வைச்சால் ஒபிசர் கொட்டாவி விடுவார்.

ஃபைல்_நம்பர்_வரல

உங்க பக்கமும் ஒண்ணு செக் பண்ணிக்கோங்க. பி.ஆர். வாங்கும்போது சிங்கிள்னு போட்டீங்களா, அது அப்ப நிஜமா? அப்பவே கல்யாணம் ஆகியோ காமன் லா-வாவோ இருந்து சொல்லாம விட்டிருந்தா இப்ப ஸ்பான்சரே சிக்கல். இல்லனா பிரச்சினை இல்ல. மனைவிக்கு பொதுவா குறைந்தபட்ச வருமானம்னு எதுவும் கேக்க மாட்டாங்க, ஆனா 3 வருஷம் அவங்க செலவுக்கு நீங்க பொறுப்புன்னு கையெழுத்து போடணும், இடையில பிரிஞ்சாலும் அந்தக் கையெழுத்து நிக்கும். நீங்க பி.ஆர்.தான், சிட்டிசன் இல்ல, அதனால ஃபைல் முடியற வரைக்கும் நீங்களும் கனடாலதான் வசிக்கணும்.

கன்சல்டன்ட்டைப் பிடிக்கறதா இருந்தா ஆர்.சி.ஐ.சி. (லைசன்ஸ் உள்ள இமிக்ரேஷன் கன்சல்டன்ட்) நம்பர் கேட்டு, அவங்களுக்கு லைசன்ஸ் குடுக்கற அமைப்பான காலேஜ் சைட்ல அவர் பேரைத் தேடிட்டு அப்புறம் காசு குடுங்க. தனி ரூம், கோட்டு சூட்டு எல்லாம் நம்பர் ஆகாது.

தூக்கமில்லா_ராத்திரி

சிங்கிள்தான், அப்ப அவங்களை எனக்குத் தெரியவே தெரியாது. ரெஸ்டோரேஷன் இன்னைக்கு மத்தியானம் சப்மிட் பண்ணிட்டோம், ஃபீஸ் கட்டின ரசீதை ரெண்டு இடத்துல சேவ் பண்ணி வச்சிருக்கேன். லெட்டரை அவங்களே எழுதினாங்க, நான் எழுதினதை விட சின்னதா நேரா இருந்துச்சு. சிட்டி ஹால் அடுத்த செவ்வாய் போறோம். பழைய ஸ்காபரோ அக்கா, பதிஞ்ச ஐயர் நம்பர் யார்கிட்டயாவது இருந்தா இன்பாக்ஸ்ல போடுங்க.

சும்மா_வந்தவன்

சாரி ப்ரோ, பார்டர் மேட்டர் மாறினது தெரியாது. ரூம்மேட்டுக்கும் இந்த த்ரெட்டை அனுப்பிட்டேன், அவன் பர்மிட் டிசம்பர்ல முடியுதாம்.