விம்பிள்டன் இரண்டாவது வாரம்: இரண்டு ராத்திரிதான் கிடைக்கும், எதை எடுப்பது?

தறிக்காரன், அம்மாப்பேட்டை:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். ராத்திரி ஷிப்ட். எட்டு மணிக்கு உள்ளே போனால் காலை எட்டுக்குத்தான் வெளியே வருவேன். டென்னிஸ் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டதும் ஊரில் ஒரு கிளப்பில் பந்து எடுத்துப் போடப் போவேன். செம்மண் கோர்ட். ஆட்டம் முடிந்ததும் மண்ணைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, கோடுகளைத் துடைத்து வைப்பதும் எங்கள் வேலைதான். பந்து எங்கே விழுந்தது, கால் எங்கே வழுக்கியது என்று பார்க்கிற கண் அன்று வந்தது, இன்னும் போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விம்பிள்டன் நெருங்குகிறது. முதல் வாரம் கவலை இல்லை. வெளிக் கோர்ட்டுகளில் நம் நேரம் மதியம் மூன்றரைக்கே தொடங்கிவிடும், வேலைக்குக் கிளம்பும்வரை வேண்டிய மட்டும் பார்த்துவிடுவேன். இரண்டாவது வாரம்தான் சிக்கல். சென்டர் கோர்ட்டில் முதல் ஆட்டமே ஆறு மணிக்கு. அது சூடு பிடிக்கிற நேரத்தில் நான் வண்டியை எடுக்க வேண்டும். இறுதி ஆட்டம் 2025இல் எட்டரைக்குத்தான் ஆரம்பித்தது. எங்களுக்கு ஞாயிறு பகல் மட்டும் லீவு, ராத்திரி எட்டுக்குத் தறி ஓடத் தொடங்கிவிடும்.

பகல் ஷிப்ட் அண்ணன் ஒருவர் இரண்டு ராத்திரி மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் கேட்க மனசு வரவில்லை, அவர் வீட்டில் கைக்குழந்தை. தறிக்கூடத்தில் போனை வைத்துப் பார்ப்பதெல்லாம் நடக்காது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. கண்ணை எடுத்தால் இழை அறுந்துபோவது தெரியாது.

கால் இறுதி, அரை இறுதி, இறுதி. இதில் எந்த இரண்டு ராத்திரியை எடுப்பது? எனக்கு ஸ்கோர் மட்டும் போதாது, ஹைலைட்ஸும் வேண்டாம். உட்கார்ந்து முழு ஆட்டம் பார்க்க வேண்டும்.

ஜங்ஷன் நர்ஸ், சூரமங்கலம்:

ஒன்று கண்டிப்பாக ஞாயிற்றுக்கிழமை, ஆடவர் இறுதி. யோசிக்கவே வேண்டாம் அண்ணா. 2019இல் ஃபெடரர் ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று கோப்பைக்கு ஒரே ஒரு பாயிண்ட் தூரத்தில் நின்றார். இரண்டு வாய்ப்பும் போய், 13-12இல் ஜோகோவிச் ஜெயித்தார். 2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் நாலாவது செட்டில் அல்கராஸ் 3-5, 0-40. சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், ஒன்றை எடுத்தாலே கோப்பை. அங்கிருந்து திரும்பி வந்து, 5 மணி 29 நிமிடம் ஆடி அல்கராஸ் ஜெயித்தார். இதையெல்லாம் மறுநாள் கேள்விப்பட்டால் ஆறவே ஆறாது. இன்னொரு ராத்திரி உங்கள் இஷ்டம்.

பழைய பி.டி. வாத்தியார், ஏற்காடு:

தம்பி, நான் வேறு மாதிரி சொல்கிறேன். இறுதியை விட்டுவிடுங்கள். செவ்வாய்க்கிழமை கால் இறுதியையும் வியாழக்கிழமை மகளிர் அரை இறுதியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றையர் ஆட்டத்தில் நம் ஆட்கள் விம்பிள்டனில் வாழ்ந்த வாழ்க்கையெல்லாம் இந்தச் சுற்றுகளில்தான். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் அரை இறுதி. விஜய் அமிர்தராஜ் 1973, 1981 கால் இறுதி. ரமேஷ் கிருஷ்ணன் 1986இல் கால் இறுதி. 1981இல் நான் இங்கே ஒரு பள்ளிக்கூட விடுதியில் தங்கி வேலை பார்த்தேன். டி.வி. கிடையாது. பி.பி.சி. சிற்றலையில் இடையிடையே ஸ்கோர் சொல்வார்கள், மழை நாளில் அதுவும் கரகரப்புக்குள் போய்விடும். விஜய் கானர்ஸுக்கு எதிராக 6-2, 7-5 என்று இரண்டு செட் முன்னால் போனார். அடுத்த மூன்றும் 4-6, 3-6, 2-6. அந்த மூன்று செட்டையும் நான் பார்க்கவே இல்லை, ஆனால் இன்றைக்கும் மனசில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கால் இறுதி என்றால் எனக்கு ஒரு தனி மரியாதை.

மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், ஆட்டத்துக்கு வருவோம். கோப்பைக்கு ஏழு வெற்றி வேண்டும். கால் இறுதி ஐந்தாவது ஆட்டம். நாலு ஆட்டத்தின் அசதி உடம்பில் ஏறியிருக்கும், கோப்பை இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்காது. அதனால் பெரிய ஆட்டக்காரர் தடுமாறுவார், யாரும் எதிர்பார்க்காதவர் பயமில்லாமல் ஆடுவார். 2018இல் ஃபெடரர் இரண்டு செட் முன்னால் இருந்து, மூன்றாவதில் மேட்ச் பாயிண்டும் வைத்திருந்து, கெவின் ஆண்டர்சனிடம் 11-13 என்று ஐந்தாவதில் தோற்றது கால் இறுதியில்தான்.

2025 செவ்வாய்க்கிழமை சபலென்காவும் லாரா சீக்மண்டும் ஆடியதைப் பார்த்தீர்களா? ஒருவர் உலகின் நம்பர் 1. இன்னொருவருக்கு 37 வயது, ரேங்க் 104. சீக்மண்ட் ஒரு பந்தைக்கூட ஒரே மாதிரி கொடுக்கவில்லை. ஒன்று தாழ்வான ஸ்லைஸ், அடுத்தது உயரத் தூக்கிப் போட்ட பந்து, அப்புறம் நெட் ஓரத்தில் ஒரு டிராப் ஷாட். அவ்வளவு பலமாக அடிக்கிற சபலென்கா, முழங்காலுக்குக் கீழே வரும் பந்தைக் குனிந்து குனிந்து தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. முதல் செட் சீக்மண்டுக்கு. மூன்றாவதிலும் சபலென்கா பின்தங்கிப் பிழைத்துத்தான் 4-6, 6-2, 6-4 என்று ஜெயித்தார். அப்படி ஒரு ஆட்டம் இறுதியில் அமைவது அபூர்வம்.

நீங்கள் கோர்ட்டில் வேலை செய்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். விம்பிள்டன் கோர்ட்டில் புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள். முதல் நாளில் தரை முழுக்கப் பச்சை, கால் வழுக்கும். இரண்டாவது வாரத்தில் பேஸ்லைன், அதாவது கோர்ட்டின் பின் கோடு, அதன் ஓரம் தேய்ந்து மண் தெரியும். கால் நன்றாகப் பிடிக்கும், பின்னால் நின்று அடிப்பவர்களுக்குத் தெம்பு வரும். பந்து புல்லில் விழும்போது ஒரு மாதிரியும் தேய்ந்த இடத்தில் விழும்போது வேறு மாதிரியும் எழும். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் பந்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு அந்தப் பழுப்புப் பட்டையில் கால்கள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். உங்களுக்கு அது புரியும்.

வியாழன் ஏன் என்றால், ஒரே சாயங்காலம், ஒரே கோர்ட், இரண்டு அரை இறுதி. அதே 2025இல் அனிசிமோவா 6-4, 4-6, 6-4 என்று சபலென்காவை வீழ்த்தியது அன்றைக்குத்தான். 2023இல் மனச்சோர்வால் ஆட்டத்தையே நிறுத்தி வைத்தவர், 2024இல் விம்பிள்டன் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டாதவர். சனிக்கிழமை இறுதியில் அதே பெண் ஸ்வியாடெக்கிடம் 0-6, 0-6, 57 நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. இறுதியை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண் எப்படி ஆடக்கூடியவர் என்று தெரியாமலே போயிருக்கும். அது அநியாயம் இல்லையா?

ஜங்ஷன் நர்ஸ், சூரமங்கலம்:

சார், உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் அந்தச் சனிக்கிழமையை நீங்கள் இப்படித் தள்ளிவிடக் கூடாது. நான் அன்று முழுவதும் பார்த்தேன். 1911க்குப் பிறகு விம்பிள்டன் மகளிர் இறுதியில் ஒரு கேம்கூட இல்லாமல் தோற்றது அதுதான் முதல் தடவை. கூட்டம் ஒவ்வொரு பாயிண்டுக்கும் அனிசிமோவாவுக்குக் கை தட்டியது. ஆட்டம் முடிந்து மைக்கைப் பிடித்ததும் அழுதுகொண்டே, அன்று காலைதான் விமானத்தில் வந்து இறங்கிய அம்மாவுக்கு நன்றி சொன்னார். ஸ்வியாடெக்குக்கு அது முதல் விம்பிள்டன், களிமண் கோர்ட்டில்தான் ஆடத் தெரியும் என்று சொன்னவர்களுக்கு அன்றே பதில் கிடைத்தது. 57 நிமிடமாக இருந்தாலும் முழு ஆட்டம்தான். இறுதியில் தோற்பவர் தனியாக நிற்கிறார், அதைப் பார்க்க ஆள் வேண்டும். இதில் நான் மாற மாட்டேன்.

காபிக்காடு, நாகலூர்:

மலையில் இருந்து இன்னொரு ஆள். வாத்தியார் சொன்ன செவ்வாய்க்கு என் ஓட்டு. இறுதிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆடி மாதம் வரும் முன்னாலேயே எங்கள் பக்கம் காற்று தொடங்கிவிடும், சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் விடிகிறவரை கரண்ட் இல்லை. அதனால் 2025 ஆடவர் இறுதியை நான் மறுநாள் காலையில்தான் பார்த்தேன். ஆப்பில் முழு ஆட்டமும் இருந்தது. போனை அணைத்து வைத்திருந்ததால் முடிவு தெரியாது. சின்னர் முதல் செட்டை 4-6 என்று விட்டுவிட்டு அடுத்த மூன்றையும் 6-4, 6-4, 6-4 என்று எடுத்தபோது எனக்கு அது நேரலை மாதிரியேதான் இருந்தது. தம்பிக்கு இது இன்னும் சுலபம். தறிக்கூடத்தில் ஸ்கோர் சொல்ல யாரும் இல்லை. காலை எட்டுக்கு வெளியே வந்ததும் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் வீட்டுக்குப் போய் உட்காருங்கள்.

கரண்ட் போனாலும் சிக்னல் இருக்கிறவர்களுக்கு விம்பிள்டனின் சொந்த ஆப்பில் ரேடியோ வர்ணனை இலவசம். டேட்டா அதிகம் இழுக்காது.

தறிக்காரன், அம்மாப்பேட்டை:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா அந்தப் பழுப்புப் பட்டையைப் பற்றிச் சொன்னதும் முடிவு செய்துவிட்டேன். செவ்வாயும் வியாழனும் மாற்றிக்கொள்கிறேன். ஆடவர் இறுதியைத் திங்கள் காலை, காபிக்காடு அண்ணன் சொன்னபடி, போனை அணைத்துவிட்டு. மகளிர் இறுதியும் அப்படியே ஞாயிறு காலை. நர்ஸ் அக்கா கோபித்துக்கொள்ள வேண்டாம், 57 நிமிடமானாலும் முழுசாகப் பார்ப்பேன்.

ஒரு சந்தேகம். கால் இறுதி செவ்வாய், புதன் இரண்டு நாளும் இருக்கிறதே. எனக்குப் பிடித்தவர் எந்த நாள் ஆடுவார் என்று எப்போது தெரியும்? அண்ணனிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பழைய பி.டி. வாத்தியார், ஏற்காடு:

ஞாயிறு ராத்திரியே தெரிந்துவிடும் தம்பி. நாலாவது சுற்றை ஞாயிற்றுக்கிழமை ஆடியவர்களுக்குக் கால் இறுதி பொதுவாகச் செவ்வாயில் வரும். திங்கள் ஆடியவர்களுக்குப் புதன். எந்தக் கோர்ட், எத்தனையாவது ஆட்டம் என்பதை முந்தின நாள்தான் வெளியிடுவார்கள். நம்பர் 1 கோர்ட்டில் ஐந்தரைக்கே ஆரம்பம், அதையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். மகளிரில் புதன்கிழமை கால் இறுதி ஆடுபவர்கள் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் மறுநாளே அரை இறுதிக்கு வர வேண்டும். 2025இல் ஸ்வியாடெக்கும் பென்சிச்சும் அப்படித்தான் ஆடினார்கள். வியாழக்கிழமை யார் அசதியோடு இறங்குகிறார்கள் என்று இதை வைத்தே கணக்குப் போடலாம். அண்ணனிடம் செவ்வாய் அல்லது புதன் என்று இப்போதே சொல்லி வையுங்கள், எந்த நாள் என்பதை ஞாயிறு ராத்திரி உறுதி செய்துகொள்ளலாம்.